ஆறு ஞாயிறும் ஒரு காகித ஊரும்

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலில் போய்வருவதிலேயே என் ஆயுசில் பாதி கழிகிறது. வாரத்தில் ஆறு நாள் அப்படி. ஏழாம் நாளாவது கால் நீட்டிப் படுக்காமல், கத்தரிக்கோலும் பசையுமாக உட்கார்ந்திருந்தேன் என்றால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள்.

காரணம் அப்பா. சுரங்கத் தூசி தின்ற நுரையீரலோடு இரண்டு வருடமாகக் கட்டிலிலேயே கிடக்கிறார். "ஒருவாட்டி நம்ம லைனெல்லாம் சுத்திப் பாத்துட்டா போதும்மா" என்று எங்கள் தொழிலாளர் குடியிருப்பைப் பற்றி அடிக்கடி சொல்வார். கூட்டிப்போக வழியில்லை, வாசற்படி வரை வந்தாலே மூச்சு இரைக்கிறது. ஊரையே காகிதத்தில் செய்து அவர் மடியில் வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

அவருடைய தகரப் பெட்டியில் ஒரு பழைய வரைபடம் இருந்தது. சுரங்கத்தை மூடியபோது ஆபீஸ் குப்பையிலிருந்து எடுத்து வந்தது. தலைப்பைக் கரையான் தின்றிருந்தது. நீளமாக ஒரு பாதை, அதிலிருந்து பிரியும் சின்னச் சின்னப் பாதைகள். நம் லைன் வீடுகளின் தெருக்கள்தான், வேறென்ன? அட்டையில் பெரிதாக வரைந்து, அவருக்குக் காட்டாமல் சமையலறையில் வைத்து, இருபுறமும் நக அளவு வீடுகளாக ஒட்டினேன். சிவப்பு ஓடு, கதவு எல்லாம் உண்டு. ஆறு ஞாயிறு போயின. கழுத்து பிடித்துக்கொண்டது.

முடித்ததும் அவர் மடியில் வைத்தேன். அப்பா நெடுநேரம் பார்த்தார். பிறகு இருமல் வரும்வரை சிரித்தார்.

"இன்னாம்மா இது, டனலுக்குள்ள வூடு கட்டி வெச்சிக்கிற? இது அண்டர்கிரவுண்ட் மேப்பும்மா. பூமிக்கடியில நான் வேல செஞ்ச லெவலு."

சுரங்கத் தொழிலாளியின் மகள், ஒருநாளும் கீழே இறங்கிப் பார்க்காதவள். எனக்கு அழுகை வந்தது, அவர்மீது கோபமும் வந்தது. அட்டையைக் கிழிக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கிளைப் பாதை ஒன்றின் முனையில் இருந்த வீட்டின் மேல் விரலை வைத்தார். அவரோடு ஒரே ஷிப்டில் இறங்கிய நண்பர், பாறை வெடித்துச் சரிந்து அங்கேதான் புதைந்துபோனார். உடலை எடுக்க முடியவில்லை. இத்தனை வருடத்தில் அப்பா அதை ஒரே ஒருமுறைதான் சொல்லியிருக்கிறார், அதுவும் குடித்திருந்தபோது.

"மத்த வூட்டையெல்லாம் பிச்சி எடுத்துக்கோ. இது மட்டும் இங்கியே இருக்கட்டும்."

சரிப்பா என்றேன். பிய்த்த வீடுகளை வைத்து நிஜ லைனைச் செய்ய மறுபடியும் ஆறு ஞாயிறு. நினைக்கவே அலுப்பாக இருந்தது.

அட்டையைத் தூக்கும்போது திரும்பவும் கூப்பிட்டார்.

"அந்த வூட்டுக் கதவ மூடி ஒட்டி வெச்சிக்கிறியே. அறுத்து, தொறந்து வுட்டுடும்மா."