சாக்கில் சுற்றிய கத்தி

ஆண்டவருடைய பிள்ளைகளே, சொல்லக் கூசிய ஒன்றை இன்று சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் சண்டை ஓய்ந்து ஆறாவது வருடம், மலாயாவில் கோலசிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் எனக்கு மகள் பிறந்தாள். முப்பது நாள் கழித்து மறுபடியும் பால் வடிக்கப் பால்மரம் வெட்டப் போனேன்.

முதல் நாள் வேலை முடிந்து, கத்தியை மூலையில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கினேன். இந்தக் கத்தியால் இவளை ஏதாவது செய்துவிடுவாயோ என்று என் மனசே என்னைக் கேட்டது. பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டுத் தள்ளி நின்றேன். பெற்றவளுக்கு வருகிற நினைப்பா இது?

மறுநாளிலிருந்து கத்தியைச் சாக்கில் சுற்றி, நான் வெட்டும் கடைசி மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தேன். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வெறுங்கையோடு நின்று, வேலை வாங்கும் மண்டோரிடம் திட்டு வாங்கினேன். பால் கொடுத்ததும் பிள்ளையை இறக்கிவிடுவேன். ஆண்டவரே, இந்த நினைப்பை எடுத்துவிடும் என்று மண்டியிட்டு அழுதேன். போகவில்லை. நான் செத்தால் பிள்ளை பிழைக்கும் என்றுகூடத் தோன்றியது.

ஒரு மத்தியானம் மரப்பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு லயத்து வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் அந்தச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஆண்டவரே, என் வாயைத் திறந்தருளும்" என்று மட்டும் ஜெபித்தேன். திறந்தார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அடி விழும் என்று நின்றேன்.

அவர் தலை நிமிரவில்லை.

"நீ கத்தியப் பொதைக்கிறத அன்னிக்கே பாத்துட்டேன். நான் குடிச்சுட்டு வந்து அடிக்கிறதுக்குப் பயந்துதான் நீ அத ஒளிக்கிறேன்னு நெனச்சேன், புள்ள. அந்த வெக்கத்துல பத்து நாளா கள்ளுக்கடைப் பக்கமே போகல."

அவர் மேல் கள்ளு வாடை இல்லாததை நான் கவனிக்கவே இல்லை. மூன்று வருடமாக அழுது கேட்ட ஜெபம் அது. என் பயத்தை வைத்தே ஆண்டவர் அதைக் கொடுத்திருக்கிறார்.

என் வீட்டுக்காரர் பிள்ளையை என் மடியில் வைத்தார். "நீ இவளப் பிடிச்சுக்க. கத்திய நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்து தீட்டினார். நான் அவளைப் பிடித்திருந்தேன். அவள் தூங்கிப் போனாள்.

நினைப்பு ஒரே நாளில் விடவில்லை. வரும்போதெல்லாம் அவரிடம் சொன்னேன். அவள் தவழத் தொடங்கிய சமயம், அது வருவது நின்றுபோயிருந்தது. இப்போது எங்கள் இருவர் கத்திகளும் ஒரே ஆணியில் தொங்குகின்றன. அதோ, தகப்பன் மடியில் உட்கார்ந்து உங்களைப் பார்த்துச் சிரிக்கிறாளே, அவள்தான்.

உங்களில் யாராவது இப்படி ஒன்றைச் சுமந்துகொண்டிருந்தால் ஆண்டவரிடம் சொல்லுங்கள். வீட்டில் ஒருவரிடமும் சொல்லுங்கள். அதற்கும் கூச்சமாக இருந்தால், ஆராதனை முடிந்ததும் நான் வெளியே மரத்தடியில் நிற்பேன். முகம் சுளிக்க மாட்டேன்.