நானே கேட்டு வாங்கிய ‘இல்லை’

எனக்குப் பொறுமை கிடையாது. அடுப்பில் பால் வைத்தால் நாலு தரம் மூடியைத் திறந்து பார்ப்பேன். மலைப்பாதையில் முன்னால் பஸ் போனால் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டேன். முப்பது வருஷமாக என் மனைவி இதைச் சகித்துக்கொண்டிருக்கிறாள். அவள் இன்டர்நெட்டில் முதல் வகுப்பு எடுத்த அன்றுதான் அது அவளுக்கே வினையாக வந்தது.

அவள் கொடைக்கானலில் ஒரு பள்ளியில் இருபத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். பள்ளிக்கூடம் சரிவில் இருக்கிறது; வகுப்புக்கு வகுப்பு படி ஏற வேண்டும். முழங்கால் ஒத்துழைக்காமல் போய், போன வருஷம் வேலையை விட்டாள். அதற்குப் பிறகு அட்டுவம்பட்டி வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் நான் கேள்வி கேட்பேன். தினமும் காலையில் காபியோடு, “என்ன செய்யப் போற, ஏதாவது யோசிச்சியா?” என்பேன். “ஒண்ணும் இல்லங்க” என்பாள். ஆறு மாதம் அதே கேள்வி, அதே பதில்.

ஒரு நாள் திடீரென்று அவளே சொன்னாள், பழைய மாணவிகளின் பிள்ளைகளுக்கு இன்டர்நெட்டில் கணக்கு எடுக்கப் போகிறேன் என்று. சென்னை, துபாய், சிங்கப்பூர் என்று பதினோரு பிள்ளைகள். திங்கட்கிழமை நாலு மணிக்கு முதல் வகுப்பு. அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. “புள்ளைங்க முகத்த நேர்ல பாக்காம எனக்குச் சொல்லிக்குடுக்க வருமாங்க?” என்று கேட்டாள். இதுவும் சரிப்படாவிட்டால் அவள் மறுபடி ஜன்னலுக்கே போய்விடுவாள் என்று எனக்குத் தெரியும்.

என் பங்கு ஒரே ஒரு சோலிதான். நான் நாலு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். அதற்கு ஒரு வெப்சைட் உண்டு. அதன் பெயருக்கு முன்னால் ‘கணக்கு’ என்று சேர்த்து, இன்டர்நெட்டில் வகுப்பு நடக்கும் இடத்துக்கு வழி காட்ட வேண்டும். இந்தப் பெயரைக் கேட்டால் இந்த எண்ணுக்குப் போ என்று சொல்லும் ஒற்றை வரி அது. டொமைன் ரெக்கார்டு என்பார்கள். முன்பெல்லாம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்து எழுத்தாக நானே போடுவேன். இப்போது ஏஐ ஏஜென்ட் இருக்கிறது. ரெக்கார்டு போடுகிற கருவியை அதோடு இணைத்துவிட்டேன். தமிழில் சொன்னால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

வகுப்புக்கு இடம் தரும் நிறுவனம் அந்த எண்ணை மூன்றரைக்குத்தான் அனுப்பியது. அதுவரை நான் சும்மா இருந்தேனா? மதியத்திலிருந்தே அந்தப் பெயரைத் திறந்து திறந்து பார்த்தேன். இன்னும் போடாத ரெக்கார்டு எப்படி வரும்? வராது என்று தெரியும். தெரிந்தும் பார்த்தேன். சாப்பிட்ட கையைக் கழுவும் முன் ஒரு தரம், கழுவிய பிறகு ஒரு தரம். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று வந்துகொண்டிருந்தது.

எண் வந்ததும் ஏஜென்ட்டிடம் கொடுத்தேன். பெயர், எண் எல்லாவற்றையும் எழுதிக் காட்டி, கீழே என்னவோ ஒரு குறிப்பும் போட்டு, ‘உறுதி செய்யலாமா?’ என்று கேட்டது. குறிப்பை யார் படித்தார்கள்? “ஆமா, வெரசா” என்று அடித்தேன். அரை நிமிஷத்தில் முடித்துவிட்டது. திறந்தேன். இல்லை. மறுபடி திறந்தேன். இல்லை.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, பள்ளிக்குக் கிளம்புகிற மாதிரியே இஸ்திரி போட்ட சேலையில் அவள் லேப்டாப் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அப்போதும் இல்லை. நாலானதும் வாட்ஸப்பில் அம்மாக்கள் வரிசையாக எழுத ஆரம்பித்தார்கள். “மிஸ், நாங்க உள்ள வந்துட்டோம். நீங்க எங்க?”

துபாயில் கிடைக்கிற பெயர் எங்கள் வீட்டில் மட்டும் கிடைக்கவில்லை.

“இரு, எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி போடச் சொல்றேன்” என்று அப்படியே ஏஜென்ட்டுக்கு அடித்தேன். ‘அழித்தால் இனிமேல் வரும் பிள்ளைகளுக்கு வழி கிடைக்காமல் போகலாம். உறுதி செய்யலாமா?’ என்றது. ஆமாம் என்று அடிக்கப் போன கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

“மொதல்ல அது என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க. வாசிக்காமலே பதில் சொல்லிக்கிட்டு கெடக்கீங்க.”

அவளே திரையை மேலே தள்ளி, வகுப்பில் வாசிக்கிற குரலில் அந்தக் குறிப்பை வாசித்தாள். ‘ரெக்கார்டு போடும் முன்பே இந்தப் பெயரைத் தேடியிருந்தால், இல்லை என்ற பதில் உங்கள் இணைப்பில் ஒரு மணி நேரம் வரை தங்கியிருக்கும். முன்பு தேடாதவர்களுக்கு உடனே கிடைக்கும். அவசரமென்றால் வேறு இணைப்பில் திறக்கவும்.’

வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். “எத்தன தரம் தேடுனீங்க?”

“ஒரு நாப்பது தரம் இருக்கும்.”

“கார் சாவிய எடுங்க.”

எங்கள் வீட்டில் கம்பி வழியே வரும் இன்டர்நெட் மட்டும்தான், செல்போன் சிக்னல் எடுக்காது. சிலுவை நட்ட குருசடி இருக்கும் வளைவுக்குப் போனால் நன்றாக எடுக்கும். அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். பின் சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்து, செல்போனில் இணைத்துத் திறந்தாள். முதல் தரத்திலேயே திறந்தது. உள்ளே பிள்ளைகள் “மிஸ்!” என்று கத்தினார்கள்.

“நீங்க வெளிய நில்லுங்க. கண்ணாடியத் தட்டக்கூடாது” என்றாள்.

தூறலில் குடையோடு நின்றேன். முக்கால் மணி நேரம். செய்வதற்கு எதுவுமே இல்லாமல் அவ்வளவு நேரம் நான் நின்றதே இல்லை. அந்தக் காலை நேரக் காபிகள் நினைவுக்கு வந்தன. அவள் மனதில் ஏதோ உருவாகிக்கொண்டிருந்த நாட்களிலும் நான் முந்திக் கேட்டுக் கேட்டு, ‘ஒண்ணும் இல்ல’ என்பதை வாங்கி, அதையே நம்பிக்கொண்டு இருந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

கார்க் கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. அதில் ஒரு விரல் வட்டம் போட்டது. வட்டத்தை நாலாக வெட்டியது. லேப்டாப்பைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, முக்கால் எதுவென்று கேட்டாள். யாரோ தப்பாகச் சொல்லியிருக்க வேண்டும், அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வருஷம் ஆகிறது.

வகுப்பு முடிந்து வண்டியைத் திருப்பினேன். எப்படிப் போச்சு, எல்லாரும் நாளைக்கும் வருவாங்களா, முழங்கால் வலிக்குதா, எல்லாக் கேள்விகளும் நாக்கு நுனியில் நின்றன. மூன்று வளைவு தாண்டும் வரை வாயைத் திறக்கவில்லை. வீட்டு வாசலில் அவளே சொன்னாள்.

“நாளைக்கும் அங்கயே போவோம். எனக்கு அந்தக் கண்ணாடி பிடிச்சிருக்கு.”

வீட்டு இணைப்பில் அந்தப் பெயர் அதற்குள் வந்திருக்கும். நான் திறந்து பார்க்கவில்லை.