மூன்றாவது கதவு

லிஃப்ட்காரருக்கு அந்த ஆபீஸ் லிஃப்டின் கம்பிக் கூண்டுக்குள் இருபத்திரண்டு வருஷம். கேன்டீனுக்குப் புதிதாக வந்த பின்பால் விளையாட்டு மெஷினில், இரும்புக் குண்டைத் தட்டித் தட்டி மூன்று கதவுள்ள சிறையிலிருந்து தப்பிக்க வைக்க வேண்டும். முதலில் அவர், "வெறும் கூச்சல், இதுல எங்க இருக்கு விளையாட்டு?" என்று கரித்துக் கொட்டினார். குண்டு இரண்டு கதவுகளைத் தாண்டியதும் பேச்சு மாறியது. "செஞ்சவன் கில்லாடிதான்!" சாப்பாட்டு நேரமெல்லாம் அங்கேயே பழியாய்க் கிடந்தார்.

இன்று மூன்றாவது கதவும் திறந்தது. சைரன் அலற, "விடுதலை!" என்று கத்தியது மெஷின். குண்டு உருண்டோடிப் பழைய சிறையறைக்குள்ளேயே விழுந்தது. ஆட்டம் முதலிலிருந்து தொடங்கியது.

"என்னண்ணே, ஜெயிச்சும் மூஞ்சி தொங்குது?" என்றார் கேன்டீன்காரர்.

"இதைச் செஞ்சவன் லிஃப்ட் ஓட்டினவன்யா."

ஐந்தாம் மாடியிலிருந்து லிஃப்ட் மணி அடித்தார்கள். அவர் போய்க் கம்பிக் கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டார்.