காதில் விழாத அடி

முரோசே நகர்மன்றத்தில் யாரையும் அயோக்கியன் என்று சொல்லக்கூடாது. "மாண்புமிகு மேயர்மேல் நம்பிக்கை அற்றுப்போனதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன்" என்று வணங்கிய உறுப்பினர் ஹிராத்சுகா, அடுத்த நொடியே மேசை தாண்டிப் பாய்ந்து மேயரின் குரல்வளையை நெரித்தார். நாற்காலிகள் பறந்தன. இருபது வருடச் சுருக்கெழுத்தர் குசுமி நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். யாரோ வீசிய சாம்பல் கிண்ணம் அவர் மூக்கை உடைத்தது. காகிதமெல்லாம் ரத்தம்.

அமளி அடங்கியதும் ஹிராத்சுகா வந்தார். "யோவ் குசுமி, நான் மேயர் கழுத்தை நெரிச்சதையும் எழுதிட்டியா?"

"பேசினதை மட்டும்தான் எழுதுவேங்க. அடிதடிக்கெல்லாம் 'ஒரே அமளி, காதில் விழவில்லை'ன்னு போடறதுதான் வழக்கம்."

வீட்டில் மனைவி பதறினாள். "எந்தப் பாவி மூக்கை உடைச்சான்?"

குசுமி ரத்தத்தைத் துடைத்தார். "ஒரே அமளி. காதில் விழவில்லை."