வேலிக்குள்ளிருந்து நீண்ட கை

நம்புகிறவர்கள் நம்பட்டும், மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். லொரைனுக்கு நடந்தது நிஜம். எங்கள் வீட்டுக்கு மேல் வீட்டில் பல வருஷம் குடியிருந்தவள். லண்டன் நெரிசலில் பஸ் ஓட்டுகிறவள். லேசில் பயப்படுகிற ரகம் இல்லை. அவள்தான் இப்போது எல்லா அறையிலும் விளக்கை எரியவிட்டுத் தூங்குகிறாள்.

எங்கள் குடியிருப்புக்கு நடுவில் ஒரு பூங்கா இருக்கிறது. விக்டோரியா ராணி காலத்தில் அதுதான் ஊருக்கே மாட்டுச் சந்தை. சந்தை போய் எத்தனையோ காலமாயிற்று. நடுவில் மணிக்கூண்டும், ஆளுயர இரும்புக் கம்பி வேலியும், மூலைகளில் நின்ற மதுக்கடைக் கட்டடங்களும் மட்டும் மிச்சம். அந்தக் கட்டடங்களிலும் இப்போது குடும்பங்கள் இருக்கின்றன.

நவம்பர் மாதம். மாலை நாலரை மணி. அந்த மாதத்தில் எங்களுக்கு நாலரைக்கே இருட்டிவிடும். அன்று பனிமூட்டம் வேறு. பள்ளிக்கூடத்திலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு லொரைன் வேலியோரமாக வந்தாள். மகள் மேபலுக்கு ஐந்து வயது. பிடிவாதத்தில் அம்மாவையே மிஞ்சியவள். வேலியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, நடக்க மாட்டேன் என்று ஒரே கத்தல்.

"எழுந்திருடி. கால் மரத்துப் போச்சு எனக்கு."

"மாட்டேன்."

அப்போதுதான் வேலிக்கு உள்ளே ஓர் ஆள் நிற்பதை லொரைன் பார்த்தாள். முழங்கால் வரை தொங்கும் அழுக்கு அங்கி, நசுங்கிய தொப்பி, கையில் கோல். அவள் பயப்படவில்லை. மணிக்கூண்டைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் விசேஷ நாட்களில் பழைய காலத்து உடுப்பு மாட்டிக்கொள்வதுண்டு. அவர்களில் ஒருவர் என்றே நினைத்தாள்.

"நல்ல லட்சணமான பிள்ளை," என்றார் அவர்.

பிள்ளை பாடாய்ப் படுத்துகிற நேரத்தில் யாராவது மெச்சினால், எங்கள் ஊரில் எந்தத் தாயும் சொல்கிற கேலிதான். லொரைனும் சொன்னாள்.

"வேணும்னா ஓட்டிக்கிட்டுப் போங்களேன். சும்மாவே தர்றேன்."

"நெசமாவா, தாயி?"

"நெசமாத்தான். ஆனா திருப்பிக் கொண்டாந்து விட்றாதீங்க."

அவர் சிரிக்கவில்லை. கம்பிகளுக்கு நடுவே வலது கையை நீட்டினார், உள்ளங்கை மேலே பார்க்க. நீட்டிய கையைத் தட்டாமல் விடுவது மரியாதையா? லொரைன் சிரித்துக்கொண்டே ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

ஈரத்தோலைத் தொட்டதுபோல் இருந்தது. சில்லென்று.

அவர் குனிந்தார்.

க்ரிச்...

மேபலின் கத்தல் பட்டென்று நின்றது.

லொரைன் குனிந்து மகளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். வேலிக்கு உள்ளே யாரும் இல்லை. பனி மட்டும் இருந்தது. மேபல் தானாக எழுந்தாள். தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

சாண நாற்றம் வந்தது.

பிறகு சத்தம். டக்... டக்... டக்... கல்தரையில் குளம்புகள். பூங்காவில் ஏது கல்தரை? வெறும் புல்தான்.

டக்... டக்... டக்...

ஒன்றல்ல. நூற்றுக்கணக்கில்.

லொரைன் வேலியைப் பிடித்தாள். இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது.

கம்பிக்குப் பின்னாலிருந்து, அவள் விரல்மேல்... மூச்சு.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். படியில் என்னைத் தள்ளிவிட்டுத்தான் போனாள். பின்னாலேயே நானும் போனேன். குளியலறை வெளிச்சத்தில் மேபலின் பின்னந்தலையைப் பார்த்தோம். தோலோடு ஒட்ட முடியை வெட்டியிருந்தது. சாய்வாக இரண்டு கோடு, குறுக்கே ஒன்று. யாரோ நிதானமாக வெட்டியதுபோல் அவ்வளவு சுத்தம்.

"ஸ்கூல்ல யாராவது வெட்டினாங்களா, கண்ணு?"

மேபல் இல்லையென்று தலையாட்டினாள். "அந்தத் தாத்தா," என்றாள்.

சனிக்கிழமை லொரைன் மணிக்கூண்டுக்குப் பக்கத்திலிருக்கும் அலுவலகத்துக்குச் சண்டைக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். கூண்டைக் கவனித்துக்கொள்கிற ஹிலரி என்கிற அம்மாள் இருந்தார்.

"உங்க ஆளு என் பொண்ணு முடிய வெட்டியிருக்கான். யாரு அவன்?"

"எங்க ஆளா? மராமத்துன்னு கூண்டைப் பூட்டி ஒரு மாசமாச்சும்மா. சுத்திக் காட்ட யாரும் வர்றதேயில்ல."

லொரைனின் கண் சுவரில் இருந்தது. பழைய புகைப்படம் ஒன்று. கம்பி வேலியில் கட்டிய காளைகள். ஒரு காளையின் தொடையில் முடி கத்தரித்த அடையாளம். சாய்வாக இரண்டு கோடு, குறுக்கே ஒன்று.

"இது என்னங்க?" என்று நான்தான் கேட்டேன்.

"அதுவா? வாங்கினவரோட குறி. விக்கிறவரு வாங்குறவரு கையில ஓங்கித் தட்டிட்டா வியாபாரம் முடிஞ்சுது. உடனே வாங்கினவரு கத்திரிக்கோலால மாட்டு முடிய வெட்டித் தன் குறியைப் போட்டுருவாரு."

"தட்டினதை... மாத்திக்க முடியாதா?" லொரைன் கேட்டாள்.

"அது எப்படிம்மா முடியும்? தட்டினா தட்டினதுதான்."

"உடனே கொண்டு போயிருவாங்களா?"

"எல்லாரும் இல்ல. சில பேரு விக்கிறவர்கிட்டயே விட்டு வைப்பாங்க. நல்லா தீனி போட்டுத் தேத்துன்னு. பதம் வந்ததும் ஓட்டிக்கிட்டுப் போவாங்க."

அந்த வாரமே லொரைன் வீட்டைக் காலி செய்தாள். இப்போது கென்ட் பக்கம் கடலோர ஊரில் இருக்கிறாள். மேபலுக்கு எட்டு வயது. தலையில் குறி விழுந்த இடத்தில் இன்னும் முடி முளைக்கவில்லை. டாக்டர்களுக்குக் காரணம் தெரியவில்லை.

போன மாதம் போனில் பேசினாள். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"நல்லா சாப்பிடுறா," என்றாள். "முன்னெல்லாம் ரெண்டு வாய் ஊட்ட உயிர் போகும். இப்ப தட்டைக் காலி பண்ணிட்டு இன்னும் கேக்குறா. தினமும் கேக்குறா. பசிக்குதும்மான்னு அழுறா. நான் என்ன செய்யட்டும், சொல்லு."

பிள்ளை கேட்கக் கேட்க லொரைன் தீனி போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.