பாட்டிலின் முதுகு

கடையில் அவளை எல்லோரும் லேபிள் என்றுதான் கூப்பிடுவார்கள். ஷாம்பு வரிசையில் நிற்கும் மற்ற விற்பனைப் பெண்கள் பாட்டிலின் முகத்தைக் காட்டி விற்பார்கள். முகத்தில் ஒரு நடிகை முடியைச் சிலுப்பிக்கொண்டு சிரிப்பாள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். இவள் அப்படியில்லை. கைக்கு வந்த பாட்டிலை முதல் காரியமாகத் திருப்புவாள். முதுகுப் பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று போட்டிருக்கும் அல்லவா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைத்தான் படிப்பாள். முகத்தில் இருப்பது விளம்பரக்காரன் பேச்சு, முதுகில் இருப்பதுதான் பாட்டிலே வாய் திறந்து சொல்வது என்பது அவள் கட்சி. அதிகமாகச் சேர்த்ததை முதலில் எழுதுவார்கள், பேருக்குச் சேர்த்ததைக் கடைசியில். தேன் ஷாம்பு கேட்டு வந்த ஒரு பெண்மணியிடம், "இதுல இருக்கிற தேனுக்கு ஒரு ஈ கூட வராதும்மா" என்று சொல்லி, மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஆனாலும் அவளைத் தேடித்தான் ஆட்கள் வந்தார்கள். என்ன பிராண்டு வேண்டும் என்று அவள் கேட்கவே மாட்டாள். தலை கழுவிய மறுநாளே பிசுக்கு ஏறுகிறதா, வேரில் எண்ணெயும் நுனியில் வறட்சியுமா, சாயம் போட்ட முடியா, வீட்டுத் தண்ணீர் உப்பா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். பிறகு அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு முடியை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பார்ப்பாள். மெல்லிய முடிக்குக் கனமான கண்டிஷனர் போட்டால் மண்டையோடு படுத்துவிடும். சுருட்டை முடிக்குச் சல்ஃபேட் நுரை ஆகாது, இருக்கிற ஈரத்தையும் வழித்துக்கொண்டு போய்விடும். இந்தப் பாடத்தை வருகிறவர்களுக்கெல்லாம் அலுக்காமல் நடத்துவாள். தலையில் பத்து முடிகூடத் தேறாத ஒரு கணக்காளர் பொடுகு ஷாம்பு கேட்டு வந்தபோதும் அதே மரியாதையோடு நடத்தினாள். மற்ற பெண்கள் அலமாரிக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்கள்.

அவளுக்குக் கல்யாணம் அமையவில்லை. அமையவில்லையே என்று உட்கார்ந்து வருத்தப்பட நேரமும் அமையவில்லை. அம்மா அப்பா போனபிறகு தங்கையைப் படிக்கவைத்து, ஒரு தையல்காரருக்குக் கட்டிக்கொடுத்து, தங்கை மகள் பிறந்ததும் அந்தக் குட்டிக்குப் பெரியம்மாவும் ஆகிவிட்டாள். தங்கை வீடு இரண்டு தெரு தள்ளித்தான். கூப்பிடு தூரம் என்று சொல்லமுடியாவிட்டாலும், கோபித்துக்கொண்டு கிளம்பினால் கோபம் ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

தங்கைக்கு இருந்ததை முடி என்று சொல்வது போதாது. அது ஒரு தனிக் குடித்தனம். அடர்த்தியான சுருட்டை, இடுப்பைத் தாண்டும். லேபிளுக்கு வார விடுமுறை என்றால் தங்கை தலையை அலசும் நாள் என்று அர்த்தம். குளியலறையில் ஒரு முக்காலியைப் போட்டு, தங்கை குனிந்து உட்கார, இவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிற்பாள். ஷாம்புவைத் தண்ணீரில் கரைத்து மண்டையில் மட்டும் தேய்த்து, கண்டிஷனரைக் காதுக்குக் கீழே பூசி, விரலாலேயே சிக்கெடுப்பாள். அந்த நேரத்தில்தான் அக்காவும் தங்கையும் ஊர்க்கதையெல்லாம் பேசுவார்கள். முன்னறையில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். சத்தமாகச் சிரித்தால் இயந்திரம் ஒரு நொடி நின்று, என்னவென்று கேட்டுவிட்டு மறுபடி ஓடும்.

அப்படி ஒரு நாள் தண்ணீர் போகும் சல்லடையில் ஒரு கைப்பிடி முடி வந்து அடைத்தது. லேபிள் அதை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்த பாட்டிலைத் திருப்பினாள். கம்பெனிக்காரன் சத்தமில்லாமல் சேர்மானத்தை மாற்றியிருந்தான். கடுமையான நுரைச் சரக்கு முதல் வரிக்கு வந்திருந்தது. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவள் மாதிரி அவளுக்குச் சந்தோஷம். மறுநாளே சல்ஃபேட் இல்லாததாக ஒன்று கொண்டுவந்தாள். இரண்டு வாரம் கொட்டுவது குறைந்த மாதிரி இருந்தது.

பிறகு மறுபடியும் கொட்டியது. இந்தத் தடவை தண்ணீரில் உப்பு என்றாள். அதற்கொரு ஷாம்பு வந்தது. அதன்பிறகு, பழைய கண்டிஷனரின் சிலிக்கோன் படிந்து முடி மூச்சுவிட முடியாமல் கிடக்கிறது என்றாள். அதைக் கழுவி எடுக்க ஒன்று. கழுவியதில் முடி வலுவிழந்துவிட்டது என்று புரோட்டீன் போட்டது ஒன்று. புரோட்டீன் கூடிப்போய் முடி விறைத்துவிட்டது என்று அதை நிறுத்திவிட்டு ஈரம் கொடுப்பது ஒன்று. ஒவ்வொரு தடவையும் அவளிடம் ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொன்றும் யாரோ ஒரு வாடிக்கையாளர் விஷயத்தில் உண்மையாக இருந்த காரணம்தான். அதுதான் கொடுமை.

தங்கை முகம் வெளுத்துக்கொண்டு வந்தது. மாடிக்குத் துணி உலர்த்தப் போனால் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவாள். லேபிள் பார்க்காமல் இல்லை. வேலை ஜாஸ்தி, நேரத்துக்குச் சாப்பிடமாட்டாள் என்று தனக்குத்தானே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டாள். அவளுக்கு முடியைப் பார்க்கத் தெரிந்த அளவுக்கு, முடிக்குக் கீழே இருந்த தங்கையைப் பார்க்கத் தெரியவில்லை.

தையல்காரர் அதிகம் பேசாத மனிதர். ஒரு நாள் பொத்தான் தைத்துக்கொண்டே, ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடலாமா என்று கேட்டார். தெருமுனை டாக்டரைத்தான் சொன்னார். லேபிள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"அந்த டாக்டர் தலையைப் பாத்திருக்கீங்களா மாப்பிள்ளை? பளபளன்னு முகம் பாக்கலாம். தன் முடியையே காப்பாத்திக்கத் தெரியாதவர், இவ முடியைக் காப்பாத்தப் போறாரா?"

தங்கை சிரித்தாள். குட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். தையல்காரரும் சிரித்துவிட்டு ஊசியில் நூல் கோத்தார். அந்தப் பேச்சு அத்தோடு போயிற்று.

அதற்குப் பிறகு தங்கையின் நெற்றியோரத்தில் குட்டி குட்டியாக முடி நீட்டிக்கொண்டு நின்றது. புதுமுடி முளைத்துவிட்டது என்று லேபிளுக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடி முன்னால் தங்கையை இழுத்துக்கொண்டு போய் நிறுத்திக் காட்டினாள். புதிதாக முளைத்த முடி என்றால் நுனி ஊசியாகக் கூர்ந்திருக்கும், உடைந்த முடி என்றால் நுனி மொட்டையாக இருக்கும். கடைக்கு வருகிறவர்களுக்குக் கண்ணாடியை வைத்து இதை அவளே எத்தனையோ தடவை காட்டியிருக்கிறாள். தங்கையின் நெற்றியில் அந்த நுனியை மட்டும் அவள் பார்க்கவில்லை. பார்க்க மனசு வரவில்லை என்றுதான் சொல்லவேண்டும். முளைத்திருக்கவேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டாள்.

தங்கை ஒரு காலையில் அடுப்படியில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உடம்பில் ரத்தமே பாதிதான் இருக்கிறது என்றார்கள். அந்தப் பாதி எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டு போனதில், குடலில் ஒரு கட்டி உட்கார்ந்திருந்தது தெரிந்தது. நாள்பட்ட கட்டி. வெளியே காட்டாமல் உள்ளுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தைக் கசியவிட்டிருக்கிறது. உடம்புக்கே போதாத ரத்தம் முடிக்கு எங்கே போகும், அதனால்தான் முதலில் முடி கொட்டியிருக்கிறது என்று டாக்டரம்மா விளக்கினார். பிறகு அந்த அம்மாள் பேனாவை எடுத்துக்கொண்டு, முடி எப்போதிலிருந்து இப்படிக் கொட்டுகிறது என்று கேட்டார்.

லேபிள் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள். "இப்பத்தான் டாக்டர். ஒரு மாசமா இருக்கும்."

கட்டிலின் கால்மாட்டில் நின்ற தையல்காரர் தரையைப் பார்த்தார். ஒரு மாதம் என்று எழுதப்போன பேனாவை லேபிள் பார்த்தாள்.

"இல்ல டாக்டர். ஒரு வருஷத்துக்கு மேல. நான்தான் ஷாம்பு சேரலைன்னு மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு இருந்தேன்."

டாக்டரம்மா ஏதோ சொல்ல வந்தார், தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் எழுதினார். அவர் போனபிறகு தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஏன் சொன்னாய் என்று ஒரு வார்த்தை கேட்டாள். வாழ்நாளில் அக்கா மேல் அவள் கோபப்பட்டது அன்றைக்குத்தான்.

அறுத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் எடுக்க முடியவில்லை என்று தைத்து அனுப்பிவிட்டார்கள். கட்டிக்குப் போட்ட ஊசி மருந்தில் மிச்சமிருந்த முடியும் போகத் தொடங்கியது. லேபிள் இப்போது தினமும் வந்தாள். பாட்டில் எதுவும் கொண்டுவருவதில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து மண்டையைத் துடைத்துவிடுவாள், அவ்வளவுதான். அப்படித் துடைத்துக்கொண்டிருந்த ஒரு மதியம், தங்கை கண்ணை மூடிக்கொண்டே பேசினாள்.

"அக்கா, எனக்கு அப்பவே தெரியும். உள்ளுக்குள்ள ஏதோ சரியில்லன்னு தெரியும். ரெண்டு தடவை ரத்தம்கூடப் போச்சு. நான்தான் யார்கிட்டயும் சொல்லல. டாக்டர்கிட்ட போனா என்ன சொல்வாங்களோன்னு பயம். நீ ஷாம்புன்னு சொன்னது எனக்கும் வசதியா இருந்துச்சு."

லேபிளின் கை நின்றுவிட்டது. உண்மையா என்று கேட்டாள். உண்மைதான் என்றாள் தங்கை. இன்னும் கொஞ்சம் துடைத்துவிடு, நன்றாக இருக்கிறது என்றாள்.

லேபிள் துடைத்தாள். டாக்டரம்மாவிடம் ஒரு மாதம் என்று சொன்ன அதே குரல், அதே வேகம். அக்காவைக் காப்பாற்றுவதற்கு ஒரு பொய் போதவில்லை என்று இரண்டாவதாக ஒன்று சொல்கிறாளா? இல்லை, போகிற நேரத்தில் மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டாளா? அடுத்த நாள் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தாள். அடுத்த நாள் தங்கைக்குப் பேச்சு இல்லை. அந்த வாரமே போய்விட்டாள்.

சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பி வீடு காலியானபிறகு, தையல்காரர் இயந்திரத்துக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். லேபிள் குட்டியின் தலையை வாரிப் பின்னிவிட்டு வெளியே வந்தாள். அவர் நிமிராமல் கேட்டார்.

"அண்ணி, உடம்புக்கு முடியலன்னு அவ உங்ககிட்ட முன்னாடியே ஏதாவது சொன்னாளா? எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை. அவளுக்கே தெரிஞ்சிருந்து மறைச்சாளான்னு நெனைச்சா தூக்கம் வரல."

தங்கை கொடுத்துவிட்டுப் போன வார்த்தை லேபிளின் வாய்வரைக்கும் வந்தது. சொல்லிவிட்டால் பாதிப் பாரம் இறங்கும். ஒரு வருஷப் பழி தன் தலையிலிருந்து இறங்கி, பதில் சொல்ல வரமுடியாத ஒருத்தியின் தலையில் போய் ஏறிக்கொள்ளும். இந்த மனுஷன் மிச்ச நாளெல்லாம் செத்துப்போன பெண்டாட்டியிடம் சண்டை போட்டுக்கொண்டிருப்பார். அது பொய்யாகவும் இருக்கலாம்.

"இல்ல மாப்பிள்ளை. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான் ஷாம்புன்னு சொன்னேன், நம்பிட்டா."

லேபிள் அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டிவிட்டால்கூட நல்லது என்றிருந்தது அவளுக்கு.

"டாக்டர்கிட்ட போலாம்னு நான் சொன்னேன்ல அண்ணி."

"சொன்னீங்க மாப்பிள்ளை."

"நீங்க அந்த டாக்டர் தலையைக் கிண்டல் பண்ணினதும் நானும் சேந்து சிரிச்சேன்ல."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

கொஞ்ச நாளில் அவர் மகளைக் கூட்டிக்கொண்டு, தன் அண்ணன் வீட்டுப் பக்கமாக ஒரு தையல் கடை பார்த்துக் குடிபோனார். சொல்லிக்கொண்டுதான் போனார். வாங்க அண்ணி என்றும் சொன்னார். ஆனால் அவள் ஒரு தடவை போனபோது மூன்று பேரும் என்ன பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்தால் அவருக்கு அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வந்தது, அவளுக்கும் அப்படியே. அதன்பிறகு அவள் போகவில்லை, அவரும் கூப்பிடவில்லை.

கடையில் இப்போதும் அதே வரிசையில்தான் நிற்கிறாள். முடி கொட்டுகிறது என்று யார் வந்தாலும், முதலில் ரத்தம் சோதித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறாள். விற்பனை படுத்துவிட்டது என்று மேலாளர் குதிக்கிறார். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை. சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். பாட்டிலைத் திருப்பிப் படிப்பதை மட்டும் விட்டுவிட்டாள். பொடி எழுத்துப் பக்கம் கண் போனாலே பாட்டிலை அலமாரியில் வைத்துவிடுகிறாள்.

சென்ற மாதம் ஒரு சாயங்காலம் கடையைவிட்டு வெளியே வந்தவள், எதிர்ப்பக்கப் பேருந்து நிறுத்தத்தில் குட்டியைப் பார்த்தாள். பக்கத்தில் தையல்காரர், கையில் துணிப்பை. பெண் வளர்ந்துவிட்டாள். அம்மாவின் சுருட்டை அப்படியே வந்திருந்தது. ஆனால் முடி வறண்டு பொங்கி, நுனியெல்லாம் சிக்குப் பிடித்துப் பஞ்சுமூட்டையாக நின்றது. சுருட்டைக்கு ஆகாத ஏதோ ஒன்றை அந்த மனுஷன் வாங்கிக் கொடுக்கிறார். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே லேபிளுக்கு எந்த பாட்டில் என்றுகூடத் தெரிந்துவிட்டது. தாண்டிப் போய் அந்தத் தலையில் கை வைக்கலாம். எந்த உரிமையில் வைப்பது? இந்தக் கையை நம்பிக் குனிந்து உட்கார்ந்தவளைத்தானே பறிகொடுத்தார்கள்.

குட்டி அவளைப் பார்த்துவிட்டாள். பெரியம்மா என்று உதடு அசைந்தது. அப்பாவின் சட்டையை இழுத்துக் காட்டினாள். அவரும் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் லேபிள் ஓடிப்போய் அவர் காலில் விழுந்திருப்பாள். அவர் லேசாகத் தலையை அசைத்துவிட்டு, தெருவின் அந்தக் கோடியைப் பார்க்கத் தொடங்கினார். பேருந்து வந்து நடுவில் நின்றது. அது கிளம்பிப் போனபோது எதிர்ப்பக்கத்தில் யாரும் இல்லை.