பாதி எடையில் நடந்தோம்

"இன்றைக்கு எவ்வளவு எடை இருக்க விரும்புகிறீர்கள்?" முழங்கால் வலி என்று போனபோது, மெல்போர்னில் பிசியோதெரபி செய்யும் பெண் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. ஊரில் ஒருத்தி இப்படிக் கேட்டால் குத்திக்காட்டுகிறாள் என்று அர்த்தம். எனக்குச் சுருக்கென்றது. "ராத்திரி இரண்டு சப்பாத்திதான் சாப்பிடுகிறேன்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வெடுக்கென்று சொன்னேன். அவள் விழித்தாள். பிறகு பக்கத்தில் இருந்த டிரெட்மில்லைக் காட்டினாள். அதைச் சுற்றி இடுப்பு உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கூடு இருந்தது. இறுக்கமான ரப்பர் கால்சட்டை ஒன்றை என்னை மாட்டச் சொல்லி, அதைக் கூட்டின் வாயோடு ஜிப் போட்டு இணைத்தாள். உள்ளே காற்று ஏற ஏற, யாரோ என் இடுப்பைப் பிடித்துத் தூக்குவதுபோல் இருந்தது. உடம்பின் பாதி பாரம்தான் இப்போது காலில் இறங்குகிறது, நடங்கள் என்றாள். நடந்தேன். முழங்கால் வாயே திறக்கவில்லை.

அதுவரை வலியோடுதான் அங்கே ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய பாத்திரங்களைத் தூக்க முடியாமல் போனால் வேலையும் போய்விடும் என்ற பயம் இருந்தது. எம்.ரெட்டியபட்டியில் பருத்தி எடுத்த நாட்களில் இந்த முழங்கால்கள் இருப்பதே எனக்குத் தெரியாது. எனக்கு முன்னால் நிரை பிடித்துப் போவாள் என் அக்கா. மல்லாங்கிணற்றில் வாழ்க்கைப்பட்ட அவளுக்கும் இப்போது என் உடம்புதான், என் வலிதான். "எடையக் குறைங்க, நடங்கன்னு டாக்டரு சொல்றாக. நடந்தா வலிக்குது, நடக்காட்டி எடை ஏறுது. நான் என்னடி செய்ய?" என்று போனில் அழுதாள். கோயில், கல்யாணம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தாள்.

வலி குறைந்து விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அவளுக்கு என்ன செய்வது என்பதுதான் யோசனை. அந்த மெஷின் அருப்புக்கோட்டையில் கிடைக்காது. ஆனால் பாரத்தைத் தூக்கிப் பிடிக்கத் தண்ணீருக்கும் தெரியும். தம்பி தோட்டத்துப் பம்புசெட்டுத் தொட்டி நெஞ்சளவு ஆழம். அதில் இறங்கி நடப்போம் என்றேன்.

"பாக்குறவுக சிரிக்க மாட்டாகளாடி?" என்றாள் அக்கா.

"சிரிக்கட்டும்க்கா. அவுக முழங்காலா வலிக்குது?"

தம்பி உள்ளேயும் வெளியேயும் கல் அடுக்கிப் படி செய்தான். நைட்டிக்கு மேல் துண்டைக் கட்டிக்கொண்டு இருவரும் இறங்கினோம். தொட்டி பொங்கி வழிந்தது. "ஏக்கா, மெளகாச் செடிக்கு இன்னைக்கு மோட்டாரே வேணாம்" என்றான் தம்பி. அக்கா சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தாள். இரண்டு சுற்றுக்குப் பிறகு நின்று, "வலிக்கலடி" என்றாள், நம்பாதவள்போல. மறுபடி நடந்தாள். தம்பி கூப்பிட்டும் மேலே ஏற மாட்டேன் என்றாள்.

நான் திரும்பிய பிறகும் அவள் ஷேர் ஆட்டோ பிடித்துத் தோட்டத்துக்குப் போனாள். தேய்ந்த மூட்டு மறுபடி வளராது என்று பிசியோ எனக்கு ஒளிக்காமல் சொல்லியிருந்தாள். அதை அக்காவிடமும் சொன்னேன். வளராவிட்டால் போகட்டும், இருப்பதை வைத்து நடக்கலாம் என்றாள். இருவருக்கும் எடை கொஞ்சம் இறங்கியது, தொடையில் பலம் வந்தது. என் சமையலறை வேலை என் கையில்தான் இருக்கிறது. அக்கா இப்போது தரையிலேயே நடக்கிறாள்.

அவளுக்கு விடிகிற நேரம் எனக்குக் காலை ஷிப்ட் முடிகிற நேரம். போனைக் காதில் மாட்டிக்கொண்டு, அவள் காரியாபட்டி ரோட்டிலும் நான் இங்கே மரங்கள் வரிசை கட்டிய தெருவிலும் பேசிக்கொண்டே நடக்கிறோம். நேற்றுப் பேச்சுக்கு நடுவே காதுக்குள் லாரி ஹாரன் அலறியது. "ஓரமா வா!" என்று கத்தியபடி நானே நடைபாதையை விட்டுப் புல்லில் இறங்கிவிட்டேன். தெருவில் ஒரு வண்டியும் இல்லை. லாரி கடந்து போகும்வரை அப்படியே நின்றேன். அக்கா நடக்கத் தொடங்கிய பிறகுதான் மறுபடி நடைபாதையில் ஏறினேன்.